இடது பக்கம் முறுக்க வேண்டிய வாட்ச்

பிள்ளைகளா, போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் ஸ்டேட்டஸில் ஒரு படம் வைத்தீர்கள். நான் கடை மேசைக்குப் பின்னால் நிற்கிறேன். பக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த அந்தப் பெண் ஒரு பழைய வாட்சின் மிஷினை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். கீழே அவள் இங்கிலீஷில் எழுதியிருந்ததை மூத்தவள் எனக்கு வாசித்துச் சொன்னாள். என் பூட்டனின் வாட்சை இருபத்திரண்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்தவர் இவர்தான் என்று இருந்தது. சின்னவன் அதற்குக் கீழே, எங்கப்பா லண்டன் வரைக்கும் தெரிஞ்ச ஆளு என்று சேர்த்திருந்தான். பக்கத்து ஊர்ப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது நாலு பேர் என்னிடம் வந்து கை கொடுத்தார்கள்.

அவள் எழுதியது பொய் இல்லை. பத்திரமாக இருந்தது உண்மைதான். ஆனால் அந்த வாட்சை முதலில் உடைத்ததும் நான்தான். அது அவளுக்குத் தெரியும். அவள் மாமாவுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. நேரில் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன், முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அந்த வாட்ச் முதல் தடவை நம் கடைக்கு வந்தபோது மூத்தவள் உங்கள் அம்மா வயிற்றில் இருந்தாள். கடை இப்போது இருக்கிற இதே இடம்தான், பழைய துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில். ஆனால் அதற்குச் சில வருஷம் முன்பு வரை அது வேறு மாதிரிக் கடை. காலையில் திறந்ததும் என் முதல் வேலை, ரிப்பேர் முடிந்து ஆணியில் தொங்குகிற வாட்சுகளுக்கெல்லாம் சாவி கொடுப்பது. இருபது, இருபத்தைந்து இருக்கும். ஒவ்வொன்றாக ஓட ஆரம்பிக்கும். எல்லாம் சேர்ந்து ஓடும்போது ஓலைக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். லாரிச் சத்தத்துக்கு மேலேயும் அது கேட்கும். ஒன்று நின்றால்கூட எனக்குத் தெரிந்துவிடும், சோற்றில் உப்பு குறைந்தால் தெரிகிற மாதிரி. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே டீ குடிப்பேன். அதைப்போல ஒரு டீயை நான் பிறகு குடித்ததில்லை.

பிறகு வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற காயல்பட்டினத்துக்காரர்கள் கை நிறைய பேட்டரி வாட்சோடு வந்தார்கள். சாவி வேண்டாம், நேரம் தவறாது. ஊரில் எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது. மதுரையிலிருந்து பேட்டரி மிஷின் பெட்டி பெட்டியாக வரும். பழைய வாட்சின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு அதை வைத்துக் கொடுப்போம். வெளியே அதே வாட்ச், உள்ளே புது மிஷின். அந்த வேலையில் என் கை வேகம் என்று பேர். எனக்கும் அதில் பெருமைதான்.

அப்படி இருந்த ஒரு காலையில்தான் திரேஸ்புரத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். ஹார்பரில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் ஏறுகிற மூட்டைகளையும் இறங்குகிற மூட்டைகளையும் நின்று எண்ணுகிற வேலை. கைக்குட்டையில் சுற்றி ஒரு வெள்ளிப் பாக்கெட் வாட்சை எடுத்து வைத்தார். வெள்ளைப் பீங்கான் முகம், ரோமன் எண்கள், ஆறு மணி இருக்கிற இடத்தில் விநாடிக்கென்று தனியாக ஒரு சின்ன வட்டம். பின்மூடியைத் திறந்து தனிச் சாவியால் முறுக்க வேண்டும்.

"நேத்து வரைக்கும் ஓடுச்சு தம்பி. சாவி குடுத்துட்டுதான் படுத்தேன். காலைல பாத்தா நின்னு கிடக்கு" என்றார்.

"யார் வாட்சு ஐயா?"

"எங்கப்பாது. அவரு தண்டல், தோணி ஓட்டுன ஆளு. கப்பலு கரைக்கு வர முடியாத காலம்லா, தோணிலதான் சாமான் போவும். ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் ஊருக்குப் போவும்போது குடுத்துட்டுப் போனான்."

"முத்து கித்து குடுத்து வாங்கியிருப்பாரு."

"முத்து கிடைச்சிருந்தா நான் ஏம்டே முப்பத்தஞ்சு வருஷம் மூட்டைய எண்ணிக்கிட்டு நிக்கேன்?" என்று சிரித்துவிட்டு, டீ குடித்து வருவதாகப் போனார்.

பின்மூடியைத் திறந்தேன். அதுவரை அப்படி ஒரு மிஷினை நான் பார்த்ததில்லை. தங்க முலாம் பூசிய தகடு. அதில் லண்டன் என்று செதுக்கிய எழுத்து. ஆடுகிற சக்கரத்துக்கு மேலே இலையும் கொடியுமாகச் செதுக்கிய ஒரு மூடி, அதன் நடுவில் சிவப்புக் கல். பக்கவாட்டில் பார்த்தால் உள்ளே கோபுரம் மாதிரி ஒரு கூம்பு, அதைச் சுற்றி ஒரு செயின். சைக்கிள் செயினை எறும்புக்குச் செய்து கொடுத்த மாதிரி அவ்வளவு சிறிசு.

அழுக்கில் நின்றிருக்கும், லேசாகத் தட்டிவிட்டால் ஓடிவிடும் என்று நினைத்தேன். சாவியைப் போட்டு வலது பக்கம் முறுக்கினேன். என் கைக்குத் தெரிந்த சாவியெல்லாம் வலது பக்கம்தான். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். உள்ளே ஏதோ முறிந்தது. அடுத்த நொடி விர்ரென்று ஒரு சத்தம், ஸ்பிரிங்கின் மொத்த பலமும் ஒரேயடியாக அவிழ்ந்து செயின் இரண்டாக அறுந்தது. பிறகு ஒன்றுமில்லை. சாவி கையில் லேசாகச் சுற்றியது.

பெரியவர் டீ குடித்துவிட்டு வந்தார். நான் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னேன்.

"ஐயா, உள்ள செயின் அறுந்துபோச்சு. சாவிய ரொம்ப இறுக்கிட்டீங்க போல."

"நான் மெதுவாத்தான் குடுப்பேன் தம்பி. நாப்பது வருஷமாக் குடுக்கேன்."

"வயசாச்சுல்லா ஐயா. விரலுக்கு அளவு தெரியாது."

அவர் தன் விரல்களைப் பார்த்தார். இரண்டு கையையும் விரித்து, திருப்பி, மறுபடி பார்த்தார். "ஓடுத மாதிரி செஞ்சு குடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பேட்டரி மிஷின் வைத்துக் கொடுத்தேன். அது உட்கார வேண்டுமென்று முகத்தின் பின்னால் இருந்த செம்புக் கால்களை வெட்டினேன். முள்ளைத் திருப்புகிற திருகு வெளியே வர வேண்டுமென்று வெள்ளிக் கூட்டின் விளிம்பை அரத்தால் ராவினேன். விநாடி வட்டத்துக்கு முள் கிடையாது, அது வெறும் ஓட்டையாக நின்றது. வேலை முடிந்ததும் பின்மூடியின் உள்பக்கம் என் குறியைக் கீறினேன். வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு குறி உண்டு. நாளைக்கு அந்த வாட்ச் திரும்பி வந்தால் அது யார் கைபட்டது என்று தெரிய வேண்டும். என் குறி ஒரு பனைமரம். ஒரு கோடு, தலையில் மூன்று கீறல். பனைக்குப் பேர்போன உடன்குடிக்காரனுக்கு வேறு என்ன தோன்றும்.

பெரியவர் வந்து வாங்கிக் காதில் வைத்தார்.

"சத்தம் வரலியே."

"பேட்டரி வாட்சு சத்தம் போடாதுய்யா. ஆனா நேரம் தவறாது."

இன்னொரு காதில் வைத்துப் பார்த்தார். பிறகு பையில் போட்டுக்கொண்டு போனார்.

பழைய மிஷினைப் பால் பவுடர் டப்பாவில் போட்டேன். இது இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்திய கதை.

இந்த வருஷம் மாதா கோயில் திருவிழா சமயத்தில் ஒரு ஆளும் ஒரு பெண்ணும் கடைக்கு வந்தார்கள். ஆள் திரேஸ்புரத்தில் மீன்பிடிப் படகு வைத்திருக்கிறவர், ஐம்பது வயது இருக்கும். பெண் அவருடைய அக்காள் மகள். எட்டு வயதில் அம்மாவோடு இங்கிலாந்து போனவள், அம்மா அங்கே நர்ஸ். அவள் அந்த வெள்ளி வாட்சை எடுத்துக் கடை மேசைக் கண்ணாடிமேல் வைத்தாள். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, ஒரு பஞ்சாயத்து. இந்தப் பனைமரம் உங்களதுதானா? மூணு கடை ஏறி இறங்கிட்டோம். மூணாவது கடைக்காரருதான் உங்களக் கை காட்டுனாரு" என்றார் மாமா.

"என்னதுதான்."

"அப்பாடா. ஏளா, ஆளு உயிரோடதான் இருக்காரு."

"மாமா, சும்மா இருங்க" என்றாள் அவள். பிறகு என்னிடம், "அங்கிள், தாத்தா இதை எனக்குன்னு எழுதி வச்சிருந்தாங்க. உள்ள இருந்த பழைய மூவ்மென்ட், அந்த மிஷின், உங்ககிட்ட இருக்குமா?"

அவள் அங்கே வாட்ச் செய்யப் படிக்கிறாளாம். ரிப்பேர் இல்லை, செய்ய. அவள் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஒரு காலத்தில் உலகத்துக்கே வாட்ச் இங்கிலாந்திலிருந்துதான் போனது. கப்பல்காரர்கள் நடுக்கடலில் இடம் கண்டுபிடித்ததே அந்த வாட்சுகளை வைத்துத்தான். பிறகு மற்ற நாட்டுக்காரர்கள் மிஷின் வைத்து மலிவாகச் செய்ய, இவர்கள் கையால் ராவிக்கொண்டே இருக்க, பட்டறை பட்டறையாக மூடிவிட்டார்கள். கடைசியில் ஒரு முழு வாட்சைச் செய்யத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டது. இப்போது அங்கே அதே வேலையை மறுபடி எடுத்திருக்கிறார்கள். கார் நிறுத்துகிற அறை அளவுக்குச் சின்னச் சின்னப் பட்டறைகள். பல்சக்கரம் வெட்டுவது, திருகாணியைச் சூடுகாட்டி நீலமாக்குவது, தகட்டில் செதுக்குவது எல்லாம் கையால். இளவட்டங்கள் இடம் கிடைக்காமல் காத்திருக்கிறார்கள். செய்கிற வாட்சுக்கும் ஆட்கள் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்களாம்.

"புதுசுல கை வைக்க விடமாட்டாங்க அங்கிள். மொதல்ல ஒரு பழைய இங்கிலீஷ் வாட்சை ஓட வைக்கணும். எங்க வீட்லயே ஒண்ணு இருக்குன்னு நான் சொல்லிட்டு வந்துட்டேன். இங்க வந்து திறந்து பாத்தா உள்ள பேட்டரி."

எனக்கு முகம் சுருங்கியது. அவள் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டாள்.

"எல்லாம் எங்கப்பா செஞ்ச வேலை" என்றார் மாமா. "முறுக்கோ முறுக்குன்னு முறுக்கி ஒடச்சிட்டாரு. வீட்ல அவருக்குப் பேரே நங்கூரக் கை. ரேடியோவத் திருகச் சொன்னாக்கூட, ஏலே நீ திருகு, என் விரலுக்கு அளவு தெரியாதும்பாரு. சாவுற வரைக்கும் அதே பேச்சுதான். நாங்க அதச் சொல்லியே கேலி பண்ணுவோம்."

விரலுக்கு அளவு தெரியாது. அது என் வாயிலிருந்து போன வார்த்தை. நான் ஒரு நிமிஷம் டீக்கு ஆள் அனுப்புகிற மாதிரி வெளியே பார்த்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "தேடிப் பாக்கேன். நாளைக்கு வாங்க" என்றேன். அவளுக்கு மூன்றாம் நாள் விமானம்.

அன்று சாயங்காலம் நான் பரணில் ஏறி டப்பாக்களை இறக்கியபோது என்ன தேடுகிறேன் என்று கேட்டீர்களே, அது இதற்குத்தான். நாலாவது டப்பாவில் மிஷின் இருந்தது. அறுந்த செயின் இரண்டு துண்டும் அதே டப்பாவின் அடியில், பேப்பரில் மடித்து. நானே மடித்து வைத்திருக்கிறேன், ஏன் என்று ஞாபகம் இல்லை. ஆனால் அந்தச் செதுக்கு வேலை செய்த மூடி, சிவப்புக் கல் வைத்தது, அது மட்டும் இல்லை. தரை முழுக்கப் பரப்பித் தேடினேன்.

உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள்.

"என்னத்தத் தேடுதீங்க?"

"ஒரு பித்தளைச் சாமான். இலை இலையா செதுக்கி, நடுவுல செவப்புக் கல்லு வச்சது."

அவள் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து என் மூக்குக்கு நேரே ஆட்டினாள்.

"இதையா? நீங்கதான தந்தீங்க. மாசமா இருக்கும்போது, ஒனக்கு நகைன்னு சொல்லி."

ஆமாம். அதுதான். நீங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிற அந்தச் சாவிக்கொத்துப் பதக்கம்தான். மூத்தவளே, பல் முளைக்கும்போது நீ கடித்தது அதைத்தான். திருகாணி போகிற ஓட்டையில் வளையத்தைக் கோத்துக் கொடுத்திருக்கிறேன். உங்கள் அம்மா குத்துவிளக்கு விளக்கும்போதெல்லாம் அதையும் புளி போட்டு விளக்கி, தங்க முலாம் முழுக்கப் போய்விட்டது. நுணுக்கமான இலையெல்லாம் வழுவழுவென்று ஆகியிருந்தது.

"இத எடுத்தா கொத்து வெறிச்சுனு இருக்கும்" என்றாள். பிறகு அவளே நகத்தால் வளையத்தைப் பிரித்து எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை அவர்கள் வந்தார்கள். அந்தப் பெண் மிஷினைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடியைக் காட்டிப் புளி கதையைச் சொன்னேன். "எங்க டீச்சர் இதைக் கேட்டா மயங்கி விழுந்துருவாங்க" என்று சிரித்தாள். செயின் துண்டுகளைப் பார்த்ததும், "அங்கிள், ஒரு தையல் ஊசி கிடைக்குமா? உங்க மேசையில உக்காரலாமா?" என்றாள்.

என் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஊசி முனையைச் சூடுகாட்டி மென்மையாக்கி, என் சின்ன அரத்தால் மயிர்க்கனத்துக்கு ராவி, அறுந்த இரண்டு கண்ணியையும் சேர்த்து அதைக் குத்தி, என் சின்னச் சுத்தியலால் தட்டித் தலை வைத்தாள். இரண்டு மணி நேரம் ஆனது. நான் கரெண்ட் இல்லாத நேரத்தில் டார்ச் பிடித்தேன். செயின் ஒன்றானது. அவள் உபயோகித்த சாமான் ஒன்றுகூட வெளியிலிருந்து வந்ததில்லை. எல்லாம் அன்றைக்கும் என் மேசைமேல் இருந்தவை. இதைச் செய்ய முடியும் என்கிற நினைப்பு மட்டும்தான் என்னிடம் இல்லாமல் இருந்தது.

பிறகு அவள் கூம்பைக் கழற்றி உள்ளே பார்த்தாள். முறிந்த சின்னக் கொக்கியை இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தாள்.

"இதுதான் காரணம். இந்த வாட்சை இடது பக்கம் முறுக்கணும் அங்கிள். பழைய இங்கிலீஷ் வாட்சு நிறைய அப்படித்தான். யாரோ வலது பக்கம் போட்டு அமுக்கியிருக்காங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா தாத்தா நாப்பது வருஷம் இதுக்குச் சாவி குடுத்திருக்காங்களே. அவங்களுக்கா தெரியாது?" என்றாள்.

"மறந்திருப்பாரு" என்றார் மாமா. "நங்கூரக் கைக்கு இடது என்ன, வலது என்ன."

டீ வந்திருந்தது. மாமா கிளாஸை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அவரு முறுக்கல" என்றேன். "நான்தான் முறுக்கினேன். அவரு டீ குடிக்கப் போன நேரத்துல. வலது பக்கம் அமுக்கி நான்தான் ஒடச்சேன். அவருதான் ஒடச்சாருன்னு அவருகிட்டயே சொல்லிட்டேன். விரலுக்கு அளவு தெரியாதுன்னு சொன்னதும் நான்தான்."

மாமா கிளாஸை அப்படியே கண்ணாடிமேல் வைத்தார்.

"அண்ணாச்சி, அவரு போயி அஞ்சு வருஷமாச்சு" என்றார்.

"தெரியும்."

"வாட்ச மட்டும் நான் இறுக்கலடேன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஆமாப்பா ஆமாப்பான்னு சிரிச்சோம்." கொஞ்சம் நிறுத்தி, "சிரிச்சது நாங்கல்லா" என்றார். எழுந்து வெளியே போய்ப் படியில் நின்றார். அந்த டீயை அவர் குடிக்கவில்லை.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். அவர்கள் பட்டறையில் ஒவ்வொரு பழைய வாட்சுக்கும் ஒரு நோட்டு உண்டாம். யார் கையில் அது என்ன பாடுபட்டது என்று எழுதி வைப்பார்களாம்.

"இதுல எழுதித் தாங்க அங்கிள். தமிழ்லயே எழுதுங்க. அம்மாவுக்கு நான் படிச்சுக் காட்டணும்."

எழுதினேன். வலது பக்கம் முறுக்கியவன் நான், வாட்சின் சொந்தக்காரர் மேல் குற்றமில்லை, கால்களை வெட்டியதும் கூட்டை ராவியதும் நான். கீழே கையெழுத்துப் போட்டேன். மாமா உள்ளே வந்து என் தோளுக்கு மேலே நின்று முழுவதும் வாசித்தார். "அவரு நாப்பது வருஷம் ஒழுங்காச் சாவி குடுத்தாருன்னும் எழுதுங்க" என்றார். அதையும் எழுதினேன்.

பிறகுதான் அவள் போட்டோ எடுக்கச் சொன்னாள். எடுத்தது மாமா. படத்தில் அவர் ஏன் இல்லை என்று கேட்டீர்களே. கூட நிற்கக் கூப்பிட்டேன். "இன்னைக்கு வேண்டாம் அண்ணாச்சி" என்றார். அதில் எனக்கு வருத்தமில்லை. இன்னைக்கு என்றுதானே சொன்னார்.

வாட்ச் இன்னும் ஓடவில்லை. உப்புக்காற்றில் உள்ளே ஒரு ஸ்பிரிங் துருப்பிடித்துவிட்டது, கொக்கியும் புதிதாகச் செய்ய வேண்டும். அதெல்லாம் அவளே செய்வாள். ஓடும்போது சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அவள் விமானம் ஏறிய மறுநாள் நான் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கடைக்குப் போனேன். பக்கத்துக் கடைகள் திறக்கவில்லை. ரிப்பேருக்கு வருகிற ஒவ்வொன்றையும் ஒரு பழுப்புக் கவரில் போட்டு, மேலே என்ன கோளாறு என்று எழுதி வைப்பேன், உங்களுக்குத் தெரியும். ஒரு டீச்சரம்மாவின் சின்ன மேசைக் கடிகாரம் ஒரு கவரில் இருந்தது. நாலு நாளைக்கு முன்னால் அதைத் திறக்கும்போது என் கை வழுக்கிக் கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்திருந்தது. கவரின்மேல் என் கையெழுத்தில், கண்ணாடி வரும்போதே கீறல் என்று எழுதியிருந்தேன். அதை எழுதியது எனக்கு ஞாபகம்கூட இல்லை, அவ்வளவு பழகிய கை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து, அந்த வரியை அடித்தேன். கீழே, கீறல் என் கையால் விழுந்தது, கண்ணாடி நான் மாற்றித் தருவேன் என்று எழுதி, மை காயும் வரை கவரை மேசைமேல் விரித்து வைத்தேன்.